பொக்கற் இல்லாத அங்கி

எங்கள் அணியில் நான் மாற்றுக் கோலி, கோல் காக்கிறவருக்குப் பதில் ஆள். கோலிக்குக் கால் பிசகினால் மட்டும் நினைவுக்கு வருகிற ஆள். மற்ற நேரமெல்லாம் எனக்குக் கோட்டுக்கு வெளியே நின்று பகிடி விடுகிற உத்தியோகம். லண்டனில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் ஐம்பதைத் தாண்டியவர்கள் சேர்ந்து வைத்திருக்கிற உதைபந்தாட்ட அணி அது. யாழ்ப்பாணத்துக் கரையோரக் கோயில் வளவுகளில் வெறுங்காலோடு ஓடினவர்கள், இப்போது முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு ஓடுகிறோம். ஆட்டம் முடிந்தால் யார் வென்றது என்று கேட்பதில்லை. யாருக்கு எங்கே நோகுது என்றுதான் கேட்போம்.

அணித் தலைவர் என் சகலன், அதாவது என் மனைவியின் தமக்கையைக் கட்டியவர். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். அவர்கள் வீடு செவன் கிங்ஸ், எங்கள் வீடு எட்மண்டன். எங்கள் குசினியில் காலையில் சொன்ன கதை மத்தியானத்துக்குள் அவர்கள் குசினியில் தாளிபடும். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் இதனால் வந்தது.

குளிர் தொடங்குகிற நாட்களில் ஒருநாள் அண்ணை போன் எடுத்து, காரைக் கொண்டு வாரும், வீட்டிலை சொல்லாதையும் என்றார். மச்சாளுக்கு, அவர் மனைவிக்கு, ஏதோ நகை வாங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். போன இடம் ஆஸ்பத்திரி. இருதயத்துக்குப் போகிற ஒரு குழாய் ஒடுங்கிவிட்டது, உள்ளே ஸ்டென்ட் வைக்க வேண்டும், அழைப்பு வரும்வரை ஓட்டம் பாய்ச்சல் வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். நெஞ்சை இறுக்கினால் நாக்குக்குக் கீழே அடிக்கச் சொல்லி ஒரு சின்ன ஸ்பிரேயும் தந்தார்கள். கார் தரிப்பிடத்தில் வைத்து அண்ணை அதை என் கையில் பொத்தினார்.

"இதை நீர் வைச்சிரும். உங்கட அக்கா என்ர பொக்கற் எல்லாம் கிண்டிப் பாத்துப்போட்டுத்தான் உடுப்புத் தோய்க்கிறவ."

அழைப்பு வந்ததும் தானே சொல்லுவாராம். இப்போதே சொன்னால் அவ நித்திரை கொள்ளமாட்டாவாம். எங்கள் மாமனாரை இருதயம்தான் கொண்டுபோனது, அதிலிருந்து அக்காவுக்கும் தங்கைக்கும் அந்தச் சொல்லே ஆகாது. எனக்கும் அது தெரியும். ஆனாலும், இவ்வளவு பேர் இருக்க ஏன் என்னிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீர் வெளியிலை சொன்னாலும் ஆர் நம்பப் போகினம்?" என்றார்.

நான் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சேருமுன் சிரிப்பு நின்றுவிட்டது.

வருடா வருடம் குளிர்காலத்தில் எங்கள் அணி வளைகுடாவுக்குப் போகும். அங்கே வேலை செய்கிற எங்கட பெடியளோடு ஒரு சிநேக ஆட்டம், ஒருநாள் ஊர் சுற்றல். அண்ணை இந்த முறை வரமாட்டார் என்று நினைத்தேன். அவர் முழங்கால் நோ என்று அணிக்குச் சொல்லிவிட்டு, விளையாடாமல் வெளியில் நின்று கத்துவதற்கென்று வந்தார். நான் ஸ்பிரேயைக் காற்சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போனேன். விமானத்திலும் தடவிப் பார்த்தேன், விடுதியில் இட்டலி தின்கிறபோதும் தடவிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவன், உனக்கு அங்கை என்ன சொறியோ என்று கேட்டான்.

ஆட்டம் முடிந்த மறுநாள் பாலைவனம். மத்தியானம் மணல்மேட்டில் ஜீப் ஓட்டம், பின்னேரம் கூடாரத்தில் பெரிய திரையில் இங்கிலாந்தின் ஆட்டம். எங்களை ஏற்றிய ஜீப்பின் சாரதி ஒரு மலையாளி, என் வயதுக்காரர், தமிழ் நன்றாகக் கதைப்பார். தார் றோட்டு முடிகிற இடத்தில் இறங்கி டயர்களில் காற்றைக் குறைத்துவிட்டுத் திரும்பி வந்து, நெஞ்சு வருத்தம், முதுகு ஒப்பரேஷன் ஏதும் யாருக்காவது இருக்கிறதா, இருந்தால் மேட்டில் ஏறக்கூடாது, கூடாரத்துக்குத் தட்டையான பாதையும் இருக்கிறது என்றார்.

அண்ணை முன் ஆசனத்தில் இருந்து, மணலில் எதையோ தொலைத்தவர் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பிடரியைப் பார்த்தேன். பிடரி அசையவில்லை. நான் கையை உயர்த்தினேன்.

"எனக்கு நெஞ்சு வருத்தம்."

ஜீப் முழுக்கச் சிரிப்பு. "உவனுக்கு நெஞ்செண்டு ஒண்டு இருந்தாலல்லோ வருத்தம் வர," என்றான் எங்கள் கோலி. சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்து, சத்தியமாவா என்று கேட்டார். பதிலை எனக்காக மற்றவர்கள் சொன்னார்கள்: பகிடி, நீங்கள் விடுங்கோ. அண்ணை திரும்பாமலே, "சும்மா இரும் ஐசே," என்றார்.

நாற்பது வருடமாக நான் சேர்த்து வைத்த பெயர் அன்றைக்கு இப்படித்தான் எனக்கு உதவியது.

முதல் மேட்டில் ஜீப் மூக்கை வானத்துக்குத் தூக்கியது. உச்சியில் ஒரு கணம் முன்னால் ஒன்றுமே இல்லை. பிறகு வண்டி பக்கவாட்டில் சறுக்கி இறங்கியது. பின்னால் இருந்தவர்கள் ஊளையிட்டார்கள். என் திட்டம் இதுதான்: பயந்தவன் மாதிரி நடித்து வண்டியை நிற்பாட்டுவது, அண்ணையையும் இறக்குவது. இரண்டாவது மேட்டில் நடிக்கத் தொடங்கினேன். நல்லாகத்தான் நடித்தேன். மூன்றாவது மேட்டின் பாதியில் நடிப்பு என்னைக் கைவிட்டு இறங்கிப் போய்விட்டது. மிச்சமிருந்தது நான் மட்டும். கை விறைத்தது, மூச்சு வரவில்லை, நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். அது மட்டும் காணாது என்று பட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் முருகனுக்கும் ஒரு தேங்காய் நேர்ந்தேன். பிறகு, நிப்பாட்டு என்று கத்திக்கொண்டு, காலை இட்டலியை என் காற்சட்டையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

சாரதி மேட்டுச் சரிவில் வண்டியை நிறுத்தினார். நான் மணலில் குந்தியிருந்து நடுங்கினேன். அண்ணை இறங்கி வந்து என் முதுகைத் தடவினார். அவருடைய முகத்தில் நல்ல நிறம், மூச்சும் சீராக இருந்தது. எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் எந்த டொக்டரும் என்னைத்தான் படுக்கப் போட்டிருப்பார்.

ஜீப் ஓட்டம் அதோடு முடிந்தது. தட்டையான பாதையால் கூடாரம் போய்ச் சேரும்வரை ஏச்சு. மற்ற ஜீப்பில் போன பாதி அணி இப்போது எப்படிச் சந்தோஷமாக இருக்கும் என்று விவரமாகச் சொல்லிச் சொல்லி ஏசினார்கள். இறங்குகிறபோது அண்ணை என் காதுக்குள், "எனக்காகத்தானே செய்தனீர்?" என்று கேட்டார்.

இல்லை, எனக்காகத்தான் என்றேன். அந்த நேரத்தில் எனக்கே வடிவாகத் தெரியவில்லை.

என் காற்சட்டையின் கோலத்தோடு ஒருவரும் என் பக்கத்தில் இருக்கத் தயாரில்லை. கூடாரத்தில் படம் பிடிப்பதற்கென்று அரபு வெள்ளை அங்கிகள் கொடுத்தார்கள். ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, காற்சட்டையைச் சுருட்டிப் பையில் திணித்து, பையை ஜீப்பில் வைத்துவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் கைதட்டல். ஷேக், எங்களுக்கும் ஒரு எண்ணெய்க் கிணறு எழுதித் தாங்கோ என்றார்கள். நான் கையை உயர்த்தி ஆசீர்வதித்தேன். இழந்த மானத்தில் கொஞ்சம் திரும்பி வந்தமாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷப் புளுகத்தில் பொக்கற்றை மறந்து போனேன்.

மற்ற ஜீப்பும் வந்து சேர, எல்லாரும் கம்பளத்தில் இருந்தோம். பொழுது படுகிறபோது ஆட்டம் தொடங்கியது. எங்களுக்குப் பின்னால் இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளைக்காரர் கொஞ்சப் பேர், முகத்தில் சிவப்புச் சிலுவை கீறியபடி. ஆட்டம் சமநிலையில் முடிந்து, மேலதிக நேரமும் முடிந்து, பெனால்டிக்குப் போனது. ஜீப்பிலிருந்து அண்ணையைக் காப்பாற்றினேன், கூடாரத்துக்கு வந்தபிறகு மணல் சறுக்குப் பலகையில் ஏறப் போனவரை மறித்துக் காப்பாற்றினேன். இங்கிலாந்திடமிருந்து காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பெனால்டிக்கு ஆள் பந்தை வைக்கிறபோது அந்தக் கை எழும்பி நெஞ்சுக்குப் போய், நடுவில் நின்று, மெல்லத் தடவியது. காஸ், வாய்வுதான் என்றார் என்னைப் பார்த்து. நெற்றியில் வேர்வை. பாலைவனத்தில் பொழுது பட்டால் குளிர். மற்ற ஒருவருக்கும் வேர்க்கவில்லை.

என் கை இடுப்புக்குப் போனது. துணி. மறுபக்கம் பார்த்தேன். அங்கேயும் துணிதான்.

எழும்பி ஓடினேன். அங்கி காலில் சிக்கி ஒருதரம் விழுந்தேன். பின்னால், ஷேக்குக்கு வயித்தாலை போகுது என்று ஒரு குரல், அதற்கு ஒரு பெருஞ் சிரிப்பு. ஜீப் பூட்டியிருந்தது, சாவி என்னிடம் இல்லை. திரும்பி ஓடிவந்து, திறப்பு எங்கை, வண்டித் திறப்பு எங்கை என்று கத்தினேன். எங்கட ஆட்கள் இன்னும் சிரித்தார்கள். பத்துப் பதினைந்து வருடம் என்னோடு விளையாடியவர்கள், என் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள். என் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். அப்படித்தான் நான் அவர்களைப் பழக்கி வைத்திருந்தேன்.

சாரதி கூடாரத்துக் கடைசியில் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கையைப் பிடித்தேன்.

"முன்னுக்கு இருந்த அண்ணைக்கு நெஞ்சு வருத்தம். மருந்து ஜீப்பிலை."

அவர் என் முகத்தில் ஒன்றும் தேடவில்லை. எனக்கு முன்னால் ஓடினார். என்னை அறியாத ஒரு மனிதன் அந்தப் பாலைவனத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

நான் ஸ்பிரேயோடு வந்து முழங்காலில் இருந்தபோது, அண்ணை நற்கருணை வாங்குகிறவர் மாதிரி வாயைத் திறந்து நாக்கை உயர்த்தினார். அடித்தேன். அவசரத்தில் பாதி அவருடைய மீசைக்குப் போனது. திரும்பவும் அடித்தேன். அப்போதுதான் எங்கட ஆட்களுக்கு விளங்கியது. கோலி தொப்பியைக் கழற்றி விசிறினான். பின்னால் வெள்ளைக்காரர் ஒரே குரலில் என்னமோ கத்தினார்கள். எங்களில் ஒருவரும் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாரதி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தார். நானும் அண்ணையோடு ஏறினேன். ஆஸ்பத்திரியில் வயர்களைப் பூட்டிப் பார்த்துவிட்டு, இருதயம் பழுதாகவில்லை, ஆனால் இது எச்சரிக்கை, லண்டனுக்குப் போனதும் தள்ளிப்போட வேண்டாம் என்றார்கள். நெஞ்சு இறுக்கம் விட்டிருந்தது. அவர் கட்டிலில் படுத்திருந்து, ஒருதருக்கும் சொல்லாதையும் என்று திரும்பவும் தொடங்கினார். முழு அணிக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவு பேருக்கும் லண்டனில் மனைவிமார் இருக்கிறார்கள் என்பதை ஞாபகப்படுத்தினேன்.

"நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். "எனக்கு ஏலாது. நீரே சொல்லும்."

லண்டனில் அப்போது இராச்சாப்பாட்டு நேரம். மச்சாள் முதல் மணியிலேயே எடுத்தா. "என்ன, இங்கிலாந்து தோத்துப்போச்செண்டு அழுகிறாரோ?" என்றா. ஆட்டத்தின் முடிவு எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவ சிரித்தா. திரும்பவும் சொன்னேன். உமக்குப் பகிடி விட வேறை ஆள் கிடைக்கேல்லையோ என்று சிரிப்பு நின்ற குரலில் கேட்டா.

"அவரிட்டைக் குடும்."

குடுத்திருக்கலாம். ஆனால் அண்ணை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். சத்தியம் பண்ணலாம் என்று பார்த்தேன். அம்மாவில், பிள்ளையில், மாதாவில் என்று எத்தனை பொய்ச்சத்தியம் இந்த அக்காவின் சாப்பாட்டு மேசையிலேயே பண்ணியிருப்பேன். மிச்சம் ஒன்றும் இல்லை.

"அக்கா, மருந்து ஒரு மாதமா என்ர பொக்கற்றிலைதான் இருந்தது," என்றேன்.

அதை மட்டும் நம்பினா. அப்படி ஒன்றை நான் கற்பனை செய்யமாட்டேன் என்று தெரிந்திருக்கும். இப்ப எப்பிடி இருக்கிறார் என்று கேட்டா, சொன்னேன். பிறகு, "ஒரு மாதமாவோ?" என்றா. நான் ஓம் என்றேன். போன் வைபட்டது.

லண்டன் வந்த கையோடு ஸ்டென்ட் வைத்தார்கள். அண்ணை இப்போது நன்றாக இருக்கிறார். மச்சாள் அவரை ஒரு கிழமை ஏசிவிட்டு மன்னித்துவிட்டா. கட்டின புருஷன், வேறு என்ன செய்வது. என் மனைவி என்னை இரண்டு கிழமை ஏசினாள். மச்சாள் என்னை ஏசவில்லை. செவன் கிங்ஸுக்குப் போனால் தேத்தண்ணி வருகிறது, கட்லட்டும் வருகிறது, என்னிடம் கேட்க வேண்டியதை என் மனைவியிடம் கேட்கிறா: அவருக்குச் சீனி போடவோ? நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

போன சனிக்கிழமை அண்ணையோடு பூங்காவில் நடக்கப் போனேன். டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். மழை பிடித்து, ஒரு மரத்துக்குக் கீழே ஒதுங்கினோம். வீட்டுக்கு வரச் சுணங்கும் என்று சொல்ல நான் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். மழை அக்கா, விட்டதும் வாறம், அண்ணை நல்லா இருக்கிறார் என்றேன். பகிடி ஒன்றும் சேர்க்கவில்லை.

"அவரிட்டைக் குடும்."

குடுத்தேன். ஓம், மழைதான், ஓம், கோட் போட்டிருக்கிறன் என்று அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பிரே இப்போது மச்சாளின் கைப்பையில் இருக்கிறது. அது தெரிந்தும் என் கை தன்பாட்டில் பொக்கற்றுக்குள் போனது. உள்ளே எங்கள் வீட்டுத் திறப்பு மட்டும் இருந்தது. போன் திரும்பி வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.