விரிசல் எழுத்தில் ஓர் இட்லிக் கடை

அப்போது எனக்கு ஓர் எழுத்துரு மீது பைத்தியம். நல்ல தடித்த எழுத்து. ஆனால் உடம்பெல்லாம் கீறல், விரிசல், காரை உதிர்ந்த சுவர்போல. தி.நகர் காபிக் கடைப் பலகை, டி-ஷர்ட், நாடக நோட்டீஸ், எது கேட்டாலும் அதைத்தான் போட்டுக் கொடுப்பேன். "பழசு மாதிரி இருக்கே" என்று யாராவது இழுத்தால், "அதான் சார் இப்ப ஸ்டைல்" என்று வாயை அடைத்துவிடுவேன்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த அக்கா, அடையாறில் இட்லி வண்டி போடப்போவதாகச் சொன்னார். அவர் குடியிருந்த ஆற்றோரத்து வீட்டை அரசாங்கம் இடித்து ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகு, அவர் சொந்தமாகத் தொடங்கும் முதல் காரியம் அது. பலகை என் பொறுப்பு என்று நானே முந்திக்கொண்டேன். வெள்ளைத் தகரத்தில் சிவப்பாக 'சூடான இட்லி'. என் செல்ல எழுத்துதான், வேறென்ன. கொடுத்தபோது கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா கீது தம்பி" என்றார். அதோடு சரி.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிடிக்கவில்லையோ? நிறமா, அளவா? கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இரண்டு நாள் போயிற்று. கேட்கலாமென்றால் அவர் வேலையை விட்டு நின்றாயிற்று. கடை திறக்கும் அன்று விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் பலகை. அதில் விரிசலையே காணோம்! கிட்டே போனால் எழுத்தெல்லாம் பளபளவென்று இருந்தது. அக்காவின் விரல் நுனிகள் சிவந்திருந்தன. நெயில் பாலிஷை வைத்து ஒவ்வொரு விரிசலாக நிரப்பியிருக்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"என்னக்கா இது? அது டிசைன்க்கா."

"கோச்சிக்காத தம்பி. ஆசையா குட்த்த, மூஞ்சிக்கு நேரா எப்டி சொல்றது? எங்க வூட்ட இடிச்சப்ப, ஆபீசருங்க நம்பர் எழுதுன செவுரு இப்டித்தான் ஒடஞ்சி கெடந்துச்சு. அத்தத் தலைக்கு மேல மாட்டிக்கினு எப்டி வியாபாரம் பண்றது?"

வெட்கமாக இருந்தது.

"பாலிஷ் எங்கக்கா?" என்றேன். இட்லிக் குண்டானுக்குப் பின்னால் கையைக் காட்டினார். கடைசி எழுத்தில் மட்டும், முதலில் என் கண்ணில் படாத நாலைந்து பொடி விரிசல் மிச்சம் இருந்தது. முதல் ஆள் வந்து தட்டை வாங்குவதற்குள் அடைத்து முடித்தேன்.