இசைத்தட்டில் சந்தனப் பொட்டு

எங்கள் வீட்டில் அப்பாவின் போட்டோ கிடையாது. அவர் ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தது ஓர் இசைத்தட்டு. விவசாயக் கூலிகள் சங்கத்துக்காரர்கள் அவரை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய், கூலியைக் கூட்டிக் கேட்டு ஒரு பாட்டுப் பாடவைத்துப் போட்ட தட்டு. முன்பாட்டு அப்பா, பின்பாட்டுக்கு நாலைந்து பேர். அந்தச் சம்பா அறுப்பிலேயே கூலித் தகராறு வந்தது. மிராசுதாரின் ஆட்கள் அவரை வாய்க்கால் கரையில் வைத்து அடித்துக் கொன்றார்கள். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர விடாமல் போலீஸே எரித்துவிட்டது. நான் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தேன்.

போட்டோ இல்லாத குறைக்கு, அப்பா செத்த நாளில் அம்மா அந்தத் தட்டைச் சுவரில் சாய்த்துவைத்துப் படையல் போடுவாள். சந்தனம் குழைத்து அதன் கறுப்பில் மூன்று பொட்டு வைத்து, மேலே குங்குமம் வைப்பாள். போன வருஷப் பொட்டு காய்ந்து கிடக்க, அதன் மேலேயே இந்த வருஷப் பொட்டு. சின்ன வயதில் எனக்கு அதைக் கண்டாலே நடுக்கம். விளக்கு வெளிச்சத்தில் தட்டின் கோடுகள் தாமாகச் சுற்றுவது போலத் தெரியும். உள்ளே யாரோ வாயைத் திறக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அன்றைக்கு அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடச் சொன்னால் எனக்குச் சோறு இறங்காது.

அதை யாரும் போட்டுக் கேட்டதில்லை. சங்க ஆபீஸில் இருந்த கிராமபோன் பெட்டியையும் போலீஸ் அப்போதே தூக்கிப்போய்விட்டது. நான் படித்து, டீச்சராகி, திருவாரூரில் வீடு கட்டி அம்மாவையும் கூட்டிவந்த பிறகு, போட்டுப் பார்ப்போமா என்று நானே ஒரு தடவை அவளிடம் கேட்டேன். "வேணாண்டி, எனக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

பிறகு அவளுடைய ஒரு காது முழுசாகப் போய்விட்டது. மற்றதும் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "காது அடையறதுக்குள்ள உங்கப்பா குரல ஒரே ஒரு தடவ கேட்டுரணும்."

சரி என்று ஒரு பிளேயரை வாங்கி, வேலைக்குப் போய்விட்ட என் மகனின் பழைய கம்ப்யூட்டரில் இணைத்தேன். ஊசியை வைத்ததும் எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி ஒரே சடசடப்பு. பொட்டு இருந்த இடம் வரும்போதெல்லாம் 'டொக்'கென்று ஊசி எகிறியது. அம்மாவின் காது மிஷினோ நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே பெரிசாக்குகிற சனியன். இரைச்சல் இருந்தால் அவளுக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்கும்.

இரைச்சலை எடுக்கும் சாப்ட்வேர் ஒன்றைப் போட்டேன். பாட்டுக்கு முன்னால் இருக்கிற வெறும் சத்தத்தைத் தேர்ந்து, இந்த மாதிரி வருவதையெல்லாம் எடுத்துவிடு என்று காட்ட வேண்டும். காட்டினேன். சடசடப்பு அடங்கிவிட்டது. பெருமையாக அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் கேட்டாள். "யாருடி இது? தண்ணிக்குள்ளேர்ந்து பேசுறாப்ல இருக்கு. அவரு இல்ல."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அன்றைக்கு மௌஸைத் தூக்கி எறிந்தேன். "உன் கோவத்தப் பாத்தா அந்த ஊசி தானாவே ஓடிப்போயிரும்" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு அவர்தான் தட்டை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கோட்டுக்குள்ள பூரா சந்தனம் அடைச்சிருக்கு. கழுவாம கம்ப்யூட்டர்ல என்ன பண்ணியும் பிரயோஜனம் இல்ல."

கழுவ வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் பொட்டத்தான் அழிச்சாங்க. அவரு பொட்ட நீ அழிக்காத."

"பொட்ட அழிக்கலன்னா குரல் வராதும்மா. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அம்மா சாயங்காலம் வரைக்கும் தட்டை மடியிலிருந்து இறக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. எனக்குக் கத்த வேண்டும் போலவும் இருந்தது, அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. மறுநாள் காலையில் தானே கொல்லைப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி எடுத்தா. செத்தன்னிக்கிக் குளிப்பாட்டத்தான் விடல. இப்ப நான் குளிப்பாட்டுறேன்."

குழாய்த் தண்ணீரில் உப்புப் படியும் என்று பேட்டரிக் கடையில் வாங்கிய சுத்தத் தண்ணீரை ஊற்றினேன். குழந்தைகள் ஷாம்பு ஒரு சொட்டு. நடுவில் இருக்கும் காகிதம் நனையாமல் ஒரு மூடியை வைத்து அழுத்திக்கொண்டேன். மெத்தென்ற பிரஷ்ஷால், குறுக்கே போகாமல் கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் தேய்க்கச் சொன்னேன். அம்மா அவசரப்படவே இல்லை. கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில் அழுக்கு எடுப்பது போல எடுத்தாள். மஞ்சள் கரைந்து தண்ணீர் கலங்க, அவள் உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். என்ன என்று நான் கேட்கவில்லை.

தட்டு நிழலில் காய்ந்தது. எங்கள் பக்கம் மும்முனை கரண்ட் இருக்கிற நேரத்தில் சுற்றுவட்டாரத்து வயல் மோட்டார்கள் எல்லாம் ஓடும். ஒயரில் 'உம்'மென்று ஒரு முனகல் ஏறும். அது நிற்கிற வரை காத்திருந்தேன். ஃபேனை நிறுத்தி, பிளேயருக்கு எர்த் கொடுத்து ஊசியை இறக்கினேன்.

பாட்டுக்கு முன்னால், சத்தமில்லாத அந்த இடத்தில், ஒருவர் மூச்சை இழுத்தார்.

பாட ஆரம்பிக்கும் முன் அப்பா இழுத்த மூச்சு அது. முதல் தடவை சடசடப்புக்குள் அது தெரியாமல், அதையும் சேர்த்துத்தான் இரைச்சல் என்று காட்டியிருக்கிறேன்; அது அவர் குரலிலிருந்த மூச்சையெல்லாம் எடுத்துவிட்டிருக்கிறது. இந்த முறை சாப்ட்வேரிடம் விடவில்லை. மிச்சமிருந்த 'டொக்' சத்தங்களை ஒவ்வொன்றாகக் கையாலேயே எடுத்தேன். லேசான இரைச்சல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அந்த மூச்சைத் தொடவே இல்லை. அறையில் என்னோடு இன்னொருவர் இருக்கிறார் என்றே வேலை முடிகிற வரைக்கும் தோன்றிக்கொண்டிருந்தது. எழுந்துபோய்க் கதவைத் திறந்துவைத்தேன்.

அம்மாவின் காது மிஷினைக் கழற்றிவிட்டு ஹெட்போனை மாட்டினேன். மூச்சு வந்த இடத்திலேயே அவள் முதுகு நிமிர்ந்தது. அவர்தான் என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முடிகிற வரைக்கும் அசையாமல் இருந்தாள். அழுவாள் என்று காத்திருந்தேன், அழவில்லை. ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"எங்கூடவே கெழவனாயிட்டாருன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "உன் மவனவிட சின்னவயசுக் குரலா இருக்கேடி. இந்தப் புள்ளையையா கொன்னானுவ?"