மாப்பிள்ளையின் கண்கள் போய்வந்த இடம்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். ஆட்டையாம்பட்டிப் பக்கம் கம்பவுண்டராக இருந்தவன், எத்தனை சாவைப் பார்த்திருப்பேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

யுத்தத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், நல்ல கோடை. மல்லசமுத்திரத்தில் என் தங்கை புருஷன் கிணற்றில் மாடு கட்டி இறைத்துக்கொண்டிருந்தபோது வடம் அறுந்து, கல்லில் மண்டை அடிபட்டு நினைவு போய்விட்டது. மூச்சு இருக்கிறது, கூப்பிட்டால் அசைவில்லை. ஆனால் கண் பாதி திறந்து, இரண்டு விழியும் சேர்ந்தாற்போல் இடப்பக்கம் போய் வலப்பக்கம் வந்து, ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தன. எங்கள் டாக்டர் வீட்டுக்கே வந்து இமையைத் தூக்கிப் பார்த்தார். மூளையில் அடி, விழி தானாக ஓடுகிறது, பார்க்கிறதுக்கு உள்ளே ஆள் இல்லை என்றார். பிழைத்தாலும் பிழைப்பார், வாயில் மட்டும் எதையும் ஊற்றிவிடாதே, புரையேறினால் முடிந்தது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. "அவிக மாடு ஓட்டறாங்கண்ணா. பாருங்க, மாடு சரிவுல எறங்கறாப்பல கண்ணு போறப்ப வெரசலாப் போவுது, பின்னால ஏறறாப்பல வாரப்ப மெதுவா வருது. மொளகாச் செடி காயுதுன்னு தண்ணி பாச்சறாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால், நம்பினால் நம்புங்கள், உட்கார்ந்து பார்த்தால் அப்படியேதான் இருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவளுக்குப் பொறுக்கவில்லை. உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் அவரவர் காட்டு மண்ணை, சொந்த நிலத்து மண்ணை, கரைத்து வாயில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம், மண்ணாசை தீர்ந்து நிம்மதியாகப் போவார்களாம். "இப்படிக் கெடந்து பாடுபட வேண்டாமுங்கண்ணா" என்று அழுதுகொண்டே காட்டுக்குப் போனாள். கொடுக்க விடக்கூடாது என்று நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், உள்ளே சேறு, தண்ணீர் சொட்டியது.

"ஏம்மா, கெணத்துல நனைச்சியா?"

"வடமே அறுந்து கெடக்குது, தண்ணிய எதுலங்கண்ணா எடுக்கறது? காடே நனைஞ்சு கெடக்குதுங்க."

ஒரு மாதமாகப் பொட்டு மழை இல்லை. மாடுகள் கட்டுத்தறியில் என் கண்முன்னே நிற்கின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், சொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன், அவள் அந்தச் சேற்றைப் பிழிந்து அவர் வாயில் விட்டபோது நான் தடுக்கவில்லை. ஒரே ஒரு இருமல். இடப்பக்கம் போன விழி திரும்பவில்லை.

மறுநாள் காலையில் காட்டுக்குப் போனேன். யார் பாய்ச்சினது என்று கேட்டால் அக்கம்பக்கத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. மிளகாய்ப் பாத்தி அத்தனையும் ஈரமாக இருந்தது, கடைசிப் பாத்தி மட்டும் வெடித்துக் கிடந்தது. அதையும் பாய்ச்சி முடித்துவிட்டு மாப்பிள்ளை எழுந்திருப்பாரோ என்னவோ, அதற்குள் நாங்கள் அவரைக் கொன்றுவிட்டோம். அந்த ஒரு பாத்தியைப் பற்றித் தங்கையிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.