போர்டுத் தூசி

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை கிடைத்தபோது, என் வயதுள்ள கீழக்கரைக்காரன் ஒருவனோடு ஒரே அறையில் தங்கினேன். அவன் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே வளைகுடா விசாவுக்குக் காத்திருந்தான். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். திருப்பூர், ஹூப்ளி, இறால் பண்ணை என்று சுற்றிவிட்டு அங்கே வந்திருந்தேன்.

சர்க்யூட் போர்டு செய்வது சம்பளத்துக்கான வேலையல்ல. பிடித்திருந்தது, செய்தேன். அப்போது செய்துகொண்டிருந்தது, குழாயில் தண்ணீர் வந்தால் கத்துகிற ஒன்று. செம்பு ஒட்டிய ஃபைபர் அட்டையை ஆக்ஸா பிளேடால் அறுப்பேன். கோடுகளை மார்க்கரால் வரைந்து, மற்ற செம்பை மருந்துக் கரைசலில் அரிக்கவிட்டு, சின்ன டிரில்லால் துளை போடுவேன். டிரில்லின் ஊசி குண்டூசித் தடிமன்தான். கடல் காற்றில் கை அசைந்தால் ஒடியும் என்று சன்னலைச் சாத்திவிடுவேன். பொடியை வாயால் ஊதித் தள்ளுவேன்.

இருமல் வந்தது. போகவில்லை.

"ஏலே, எத்தன நாளா இருமுற?" என்றான் அறைக்காரன்.

"கொஞ்ச நாளாத்தான்."

"சளில ரத்தம் வருதா?"

"நீ என்ன டாக்டரா?"

"அடுத்த மாசம் எனக்கு மெடிக்கல்டா. எக்ஸ்ரேல ஒரு புள்ளி இருந்தாலும் அன்ஃபிட்டுன்னு குத்திருவான். எங்க காக்கா அப்படித்தான் வீட்ல உக்காந்திருக்கு."

காக்கா என்றால் அவனுடைய அண்ணன். எனக்குக் காசநோய், அது அவனுக்கும் தொற்றும் என்பது அவன் பயம். அன்றிலிருந்து பாயை எடுத்துக்கொண்டு வாசலில் படுத்தான். என் டம்ளரைத் தொடவில்லை. அவன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் சளியைச் சோதனைக்குக் கொடுத்தேன். ஒன்றும் இல்லை என்றார்கள். என்ன வேலை என்று கேட்டார்கள். செல்போன் கடை என்றேன்.

"ஒண்ணும் இல்லன்னா எதுக்கு இருமுற?" என்றான் அறைக்காரன், நான் திரும்பி வந்ததும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவன் கதவைத் திறந்தான். நான் துளை போட்டுக்கொண்டிருந்தேன். அவனோடு உள்ளே வந்த வெயிலில் தூசி அசையாமல் நின்றது. அவன் தன் தலையணையை விரலால் வழித்து என் முகத்துக்கு நேரே காட்டினான். வெளிர்மஞ்சள் பொடி.

"இதத்தான் ஊதி ஊதித் திங்கிறியா?"

"அட்டைப் பொடி. ஃபைபரு."

"ஃபைபர் படகு அறுக்கிறவன் கூட மூஞ்சியக் கட்டிக்கிட்டுத்தான்டா அறுக்கிறான். அப்ப இத்தன நாளும் நானும்ல தின்னிருக்கேன்."

அவனுக்குப் பயம் போகவில்லை, வேறு பக்கம் திரும்பியது. விளக்குமாற்றைத் தொட விடவில்லை. பெருக்கினால் மறுபடி கிளம்பும். இருவரும் ஈரத்துணியால் சுவர், தரை, சன்னல் கம்பி எல்லாம் துடைத்தோம். துணியைப் பிழிந்த கை இரண்டு நாள் அரித்தது.

பிறகு பைக் பேட்டரியோடு டிரில்லை வெளியே உடைமுள் மரத்தடிக்குக் கொண்டுபோனேன். முகமூடியும் கண்ணாடியும் வாங்கினேன். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பொடி சுழன்று கண்ணாடியிலேயே படிந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்த பிறகுதான் விலகிப் போனது. ஒரு நாள் ஊசி ஒடிந்து கண்ணாடியில் தெறித்தது. அறுப்பதையும் விட்டேன். கத்தியால் இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறி, பலகை விளிம்பில் வைத்து ஒடித்தால் பொடி குறைவு. பொடி அடங்கட்டும் என்று பம்புத் தண்ணீரைத் தெளித்ததில் ஒரு போர்டு பச்சை பூத்துவிட்டது. அங்கே தண்ணீரெல்லாம் உப்பு. கேன் தண்ணீருக்கு மாறினேன்.

வாசலிலிருந்து மேஸ்திரி மாதிரி அவன் குரல் வரும். "மாஸ்க்கு எங்கடா? எனக்கு மெடிக்கல் முடியட்டும், அப்புறம் நீ சிமெண்டத் தின்னாலும் கேக்க மாட்டேன்."

என் இருமல் மெல்லக் குறைந்தது. அவன் பாய் உள்ளே வந்தது.

திருச்சியில் மெடிக்கல். முடிவு தெரிந்ததும் அங்கிருந்தே போன் செய்தான்.

"ஃபிட்டு. அல்ஹம்துலில்லாஹ்."

"சரி, இனிமே டிரில்ல ரூமுக்குள்ளயே ஓட்டலாம்ல?"

அவன் சிரிக்கவில்லை. "நீ எக்ஸ்ரே எடுத்தியாலே?"

"எனக்கு எதுக்கு? யாரு கேக்கப் போறா?"

"நான் கேக்கிறேன்ல."

மறுநாள் கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ராமநாதபுரம் பஸ் ஏறினேன். இந்தத் தடவை என்ன வேலை என்று கேட்டபோது, போர்டு செய்வதையும் சேர்த்துச் சொன்னேன்.