பெயர் போடாத கடிதமும் தவமணி அன்ரியும்

தவமணி அன்ரி இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு நல்லூரில், ரியூசன் வாசலில் கிடைத்தது. கணித வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது அப்பா யாரிடமோ இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளுடன் நின்றார். அப்பா அங்கே ஒருநாளும் வந்ததில்லை. ஏதோ நடந்துவிட்டது என்று அவர் வாய் திறக்கும் முன்பே தெரிந்தது.

"அன்ரி போயிட்டா பிள்ளை. விடிய நெஞ்சு நோகுதெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவை. வழியிலையே முடிஞ்சுதாம்."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. "இனி விசாரணைக்கு யார் வருவார்?" என்பதுதான் முதலில் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்ரியைப் பற்றி எழுதும்போது முதல் வரியிலேயே பொய் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. வீடு வரும்வரை அப்பாவும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன்.

அன்ரியின் மகள் சுமதி அக்கா கனடாவிலிருந்து வந்து, முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கப் போவதாகவும், அம்மாவைத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரும்படியும் கேட்டார். நாளைக் காலைக்குள் கொடுக்க வேண்டும். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "எங்களுக்கேன் வம்பு? வாயைத் திறவாமல் இருந்தால் காணும்" என்றார். அதனால் வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு, போர்வைக்குள் ரோர்ச் லைட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்க வேண்டும்.

என்னை உங்களில் பலருக்கு "இந்தியாக்காரரின்ரை பெட்டை" என்றுதான் தெரியும். அப்பா நீர்வேலியில் பிறந்தவர். எட்டு வயதில் படகேறிப் போனவர். நான் பிறந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். மூன்று வருடத்துக்கு முன்பு திரும்பி வந்து, அப்பப்பாவின் கூரையில்லாத வீட்டுக்குத் தகரம் போட்டுக் குடியிருக்கிறோம். காணி உறுதி அப்பப்பாவின் கையிலிருந்து கடலில் விழுந்துவிட்டது. அதன் இலக்கமும் எங்களுக்குத் தெரியாது. காணிப் பதிவுக் கந்தோரில் தோம்பு, அதாவது பழைய பதிவேடு, தேடுகிறார்கள், இன்னும் அகப்படவில்லை.

வந்த முதல் மாதம் எங்களிடம் தண்ணீர் இல்லை. எங்கள் காணிக்கும் அன்ரியின் காணிக்கும் கிணறு ஒன்றுதான், அது அன்ரியின் பக்கம் இருக்கிறது. நடுவில் ஒரு சின்னப் படலைக் கதவு. அப்பப்பா காலத்தில் அந்தக் கிணற்றில் எங்களுக்கு அரைப் பங்கு இருந்தது என்று அப்பா சொல்லியிருந்தார். ஒருநாள் பின்னேரம் அம்மா என்னைத் தண்ணீர் எடுக்க அனுப்பினார். போய்ப் பார்த்தால் கப்பியில் கயிறு தொங்குகிறது, வாளி இல்லை.

முகாமில் தண்ணீர் குழாயில்தான் வரும். நான் வாழ்க்கையில் கிணற்றில் தண்ணீர் அள்ளியதே இல்லை. என் பாடசாலைத் தண்ணீர்ப் போத்தலை மூடியைக் கழற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினேன். அது மிதந்தது. மேலே இழுத்து மறுபடி விட்டேன். மறுபடியும் மிதந்தது. எத்தனை தரம் செய்தேனோ தெரியாது. பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது.

"எடி விசரி, வெறும் பிளாஸ்ரிக் போத்தல் தாழுமே? உள்ளுக்கை ஒரு கல்லுப் போடு."

அன்ரி குசினி வாசலில் நின்றார். நான் பயத்தில் "சரிங்க" என்றேன். அதற்கும் சிரித்தார். கீழே கிடந்த கல் ஒன்றைப் போத்தலுக்குள் போட்டேன். போத்தல் தாழ்ந்தது. ஒரு போத்தல் தண்ணீர் கிடைத்தது. ஒரு குடம் நிரம்ப இன்னும் எத்தனை முறை இறக்க வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டு நின்றபோது, அன்ரி உள்ளே போய் வாளியைக் கொண்டு வந்து கயிற்றில் கட்டினார். கட்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அதன் பிறகு வாளி கயிற்றிலேயே இருந்தது.

ஆனால் அதற்கு முன்பே ஒரு பெட்டிசம் போய்விட்டது. நாங்கள் இந்தியாக்காரர், இந்த ஊருக்குச் சம்பந்தமில்லாதவர்கள், ஊரார் காணியில் கள்ளமாக இருக்கிறோம் என்று பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம். எழுதியவர் பெயர் இல்லை. அதனால்தான் இந்த விசாரணை. அதனால்தான் கிராம அலுவலர் விதானையார் என் அடையாள அட்டை விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்காமல் வைத்திருக்கிறார். "நான் என்ன பிள்ளை செய்யிறது? ஊரிலை பிறந்த ஒரு ஆள், உங்களுக்குச் சொந்தமில்லாத ஆள், வந்து உங்கடை கொப்பரைத் தெரியுமெண்டு சொல்லட்டும். உடனை வைக்கிறன்" என்கிறார். அடையாள அட்டை இல்லாமல் இந்த வருடச் சாதாரண தரப் பரீட்சைக்கு நான் எப்படிப் போவது? விசாரணை பிழைத்தால் தகரம் போட்ட வீடும் போய்விடும்.

இனி எழுதப்போவதற்கு சுமதி அக்காவிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறேன். எழுதி அழித்து, எழுதி அழித்து, இந்தத் தாளில் ஒரு ஓட்டையே விழுந்துவிட்டது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை அம்மா கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். நான் உடுப்பு அலசினேன். அன்ரி வந்து துவைக்கிற கல்லில் இருந்தார். தன் கையைப் பார்த்தபடி சொன்னார்:

"அந்தப் பெட்டிசம் நான் எழுதினது."

அம்மா கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டார். கப்பி கடகடவென்று சுழன்று, கயிற்று நுனியும் உருவிக்கொண்டு, வாளி உள்ளே விழுந்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"பேசு. ஏன் பேசாமல் நிக்கிறாய்? நல்லாப் பேசு என்னை" என்றார் அன்ரி.

அம்மா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "பாதாளக் கரண்டி இருக்கா உங்ககிட்ட?" என்று கேட்டார்.

இருந்தது. மூன்று பேருமாகக் கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்று, அந்தக் கொக்கியை இறக்கி வாளியைத் தேடினோம். தேடத் தேட அன்ரி சொன்னார். சனசமூக நிலையத்தில் ஒருநாள் பின்னேரம் ஒரு மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்களாம். தவமணியின் எழுத்து வடிவு என்று பேனாவை அவரிடம் கொடுத்தார்களாம். மற்றவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதினாராம்.

"பேர் போடவோ எண்டு கேட்டனான். தேவையில்லை எண்டிச்சினம். அதோடை எனக்கு நிம்மதியாப் போச்சு. பேர் இல்லையெண்டால் நான் எழுதேல்லை எண்ட மாதிரித்தானே. வீட்டை வந்து வாளியையும் கழட்டி வைச்சனான்."

"அப்புறம் ஏன் எங்ககிட்ட சொல்றீங்க?" என்று அம்மா கேட்டார்.

"சுமதி போனிலை ஒரு கதை சொன்னவள். கனடாவுக்குப் போன புதிசிலை, அகதிக் கேஸ் போட்டிட்டு நிலக்கீழ் அறை ஒண்டிலை இருக்கேக்கை, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஒருத்தி கதவைத் தட்டி ஒரு கேக் தந்தவளாம். இவளுக்குப் பாஷை விளங்கேல்லை, கேக்கைப் பிடிச்சுக்கொண்டு அழுதவளாம். இதை எத்தினையோ தரம் சொல்லியிருக்கிறாள். போன கிழமைதான் எனக்கு உறைச்சது. அவள் என்ரை பிள்ளைக்குக் கேக் குடுத்தவள். நான் உன்ரை பிள்ளைக்கு வாளியைக் கழட்டினனான்."

வாளி அப்போது அகப்பட்டது. மேலே இழுத்தபோது அன்ரி என்னிடம் கப்பியைக் காட்டினார். "உது உன்ரை அப்பப்பா வாங்கிப் போட்டது. நான் சின்னப் பிள்ளை. உதிலை தொங்கி விளையாடி அவரிட்டை ஏச்சு வாங்கினனான். விசாரணையிலை உதைச் சொல்லுறன். பெட்டிசம் எழுதினதையும் சொல்லுறன். பேர் போடாமல் எழுதினதை வாயாலை எண்டாலும் பேர் போட்டு முடிக்க வேணும்."

அதை அவர் ஒளித்துச் செய்யவில்லை. அந்தக் கிழமையே சனசமூக நிலையத்துக்குப் போனார். நான் ரியூசன் முடிந்து வந்து, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வெளியே நின்றேன். உள்ளே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்று எழுத மாட்டேன்.

"தவமணியக்கா, உமக்கென்ன விசரோ? உவையள் உமக்குச் சொந்தமோ?"

"சொந்தமெண்டால் சாட்சி எடுபடாதாம். சொந்தமில்லாதபடியாத்தான் போறன்."

"வந்தான் வரத்தானுக்கெல்லாம் காணி குடுத்தால் ஊர் என்னத்துக்கு?"

"உன்ரை ரெண்டு பெடியளும் எங்கை?"

"அவங்கள் லண்டனிலை. அது வேறை."

"என்ன வேறை? குளிரோ?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர்கள் முறைத்ததும் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தவர் இதை வாசித்தால், அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை என்று சொல்ல விரும்புகிறேன்.

அதன் பிறகு அன்ரியின் வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். கோயிலில் மாலை கட்டுகிற பெண்கள் அவர் இருந்த பாயில் இருக்கவில்லை. "காலை நீட்டிக் கட்ட இடம் கிடைச்சுது" என்று அம்மாவிடம் வந்து சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் வாங்கி வந்த பூ அவரது கூடையில் அப்படியே கட்டாமல் கிடந்தது. அம்மாவும் நானும் போய் அவரோடு இருந்து கட்டினோம். என் சரம் நடுவில் அவிழ்ந்துவிட்டது. "உன்னைப் போலத்தான் உன்ரை முடிச்சும், இந்தியாவோ இலங்கையோ எண்டு தெரியாமல் நிக்குது" என்று அன்ரி சொன்னபோது மூவரும் சிரித்தோம். ஊரில் வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

விசாரணைக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவர் இறந்தார். அப்பா போய்ச் சொன்னதால் தள்ளி வைத்தார்கள். புதிய நாள் வரும் திங்கட்கிழமை. முப்பத்தோராம் நாள் சனிக்கிழமை. சாப்பாடு முடிந்து இந்த மலரை வீட்டுக்குக் கொண்டு போய் வாசிப்பீர்கள். இடையில் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நான் ரியூசன் முடிந்து வரும்போது வாழைத் தோட்டத்து ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் என் அருகே மெதுவாக வந்தது. "உன்ரை அன்ரி போயிட்டா. இனிக் கவனமா இருக்க வேணும் என்ன?" என்று ஒரு குரல். அவ்வளவுதான். அடித்தார்கள், ஏசினார்கள் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து நான் பெரிய றோட்டால் சுற்றித்தான் வருகிறேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா ரியூசனை நிறுத்திவிடுவார். அல்லது மறுபடி முகாமுக்கே போவோம் என்பார். அந்த இரண்டில் எதற்கு நான் கூடுதலாகப் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இப்போதும் வெளியே நாய் குரைத்தால் வெளிச்சத்தை அணைத்துவிடுகிறேன்.

அன்று அந்த மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தீர்கள். ஒருவரான அன்ரி இறந்துவிட்டார். மற்ற மூன்று பேரின் பெயரும் எனக்குத் தெரியும், அன்ரி சொல்லியிருக்கிறார். அதை நான் எழுதப் போவதில்லை. உங்கள் பெயரை நீங்கள்தான் போட வேண்டும். அந்தக் கப்பியை வாங்கிப் போட்டது யார் என்று உங்களுக்கும் தெரியும். அதில் அன்ரி மட்டுமா தொங்கி விளையாடியிருப்பார்? திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்கு வந்து அதை மட்டும் சொன்னால் போதும். பெட்டிசத்தில் உங்களுக்கிருந்த பங்கைப் பற்றி நான் யாரிடமும் கதைக்க மாட்டேன்.

சுமதி அக்கா, இது உங்கள் அம்மாவைக் குறைத்துச் சொல்கிறது என்று பட்டால் அச்சடிக்க வேண்டாம். ஆனால் அவர் செய்த பிழையை மறைத்தால், அதைத் திருத்த அவர் பட்ட பாட்டையும் மறைக்க வேண்டி வரும். நாற்பது வருடத் தோழிகளை விட்டுவிட்டு, மூன்று வருடமாகத் தெரிந்த எங்களுக்காக அவர் தனியே பாயில் இருந்தார். எனக்குத் தெரிந்த தவமணி அன்ரி அவர்தான்.

அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது ஒரு கல். அன்று போத்தலுக்குள் போட்டது. போத்தலை எத்தனை தரம் கழுவியும் அதை வெளியே எறிய மனம் வரவில்லை. இப்போது இந்தத் தாள் பறக்காமல் அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கும்போது "ஓர் அயல்வீட்டுப் பிள்ளை" என்று மட்டும் கீழே போடுவதாக இருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதத் தொடங்கினேன். முடிக்கும்போதும் பயம் போகவில்லை. ஆனால் அன்ரி, பெயர் போடாத கடிதத்தால் நீங்கள் எவ்வளவு வருந்தினீர்கள் என்று கிணற்றடியில் பார்த்தவள் நான்.

சிவலிங்கம் யாழினி,
தவமணி அன்ரியின் கிணற்றில் அரைப் பங்குள்ள வீடு,
நீர்வேலி.