இரண்டு பேர் கனம்

பேய் பிசாசில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. உயிரோடு இருந்த மாமியாரையும் ஓரகத்தியையும் சமாளிக்கவே எனக்குப் பொழுது போதவில்லை; செத்தவர்களுக்கு எங்கே போவது? இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டு யாரும் எனக்குத் தாயத்து வாங்கிக்கொண்டு வர வேண்டாம்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்குக் கல்யாணமாகிக் கோவில்பதாகைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கோடையில் ஊர் ஏரி சுத்தமாக வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதில் ஓர் ஓரத்தை ஆள் விட்டுச் சமப்படுத்தினார்கள். மறுநாள் காலை அங்கே ஒரு விமானம் வந்து இறங்கியது. இறக்கை விரித்த விமானம் இல்லை. தலைக்கு மேலே நீளநீளப் பட்டைகள் சுற்றும். இப்போது ஹெலிகாப்டர் என்கிறோமே, அதற்குச் சித்தப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் இங்கிலீஷ் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. காத்தாடி விமானம் என்று ஊரே ஒரு பெயர் வைத்துவிட்டது.

ஓட்டி வந்தவர் பெரம்பூரில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினால் நம் பக்கத்துத் தெருக்காரர் மாதிரிதான் இருக்கும். ஆனாலும் எங்களுக்கு அவர் துரைதான். பட்டணத்துக் கம்பெனி ஒன்று புதிதாக விற்பனைக்கு இறக்கிய சரக்கு அது; நாலு பேருக்குக் காட்டி விற்பது அவர் வேலை. விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்காகவே செய்தது என்றார். முன்னால் பழகுகிறவர் உட்கார வேண்டும், பின்னால் வாத்தியார். இரண்டு பேருக்கும் கால் நடுவில் ஆளுக்கொரு கம்பி. இரண்டையும் அடியில் பிணைத்திருந்தார்கள். பின்னால் அசைத்தால் முன்னால் இருக்கிற கம்பி தானாக அசையும். முன்னால் அசைத்தால் பின்னால் இருப்பது அசையும்.

ஜமீன்தார்களும் மில் முதலாளிகளும் காரில் வந்து பார்ப்பார்கள். தொட்டுப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள். ஏறுங்கள் என்றால் மட்டும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். முன் இருக்கையில் கனம் இல்லாவிட்டால் அது சரியாகப் பறக்காதாம். அதனால் ஆள் ஏறாதபோது ஓர் ஆள் கனத்துக்கு மணல் மூட்டையை வைத்து, தோள் பட்டை எல்லாம் போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். கட்டுகிறவர் நசரத்பேட்டை பாய். அவர்தான் மெக்கானிக்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை செத்தவர் துணைக்கு இன்னொருவரை இழுத்துக்கொண்டு போவார் என்று பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்புவார்கள். மூட்டையைக் கட்டுவதைப் பார்த்த என் ஓரகத்தி, "இன்னாடி இது, சனிப்பொணத்துக்குக் கோழி கட்டறா மாரி கட்டிகினு போறானுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான்தான் ரொம்பச் சிரித்தேன்.

என் வீட்டுக்காரர் கத்தரி, வெண்டை ஏற்றிக்கொண்டு கொத்தவால் சாவடிக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறவர். விமானத்தைப் பார்த்த அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேராகத் துரையிடம் போய் நின்றார்.

"மூட்டைக்குப் பதிலா நான் குந்திக்கிறேன் தொரை. கனம் தானே வோணும்? அப்பிடியே ஓட்டவும் கத்துக்குடுத்துடு."

துரைக்கு அது பிடித்துவிட்டது. உயிருள்ள ஆள் உட்கார்ந்தால் பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும் அல்லவா? ஒரு வேடிக்கையும் சொல்லிக்கொடுத்தார். காரில் வந்தவர்கள் தலைக்கு மேலே தாழப் பறக்கும்போது இவர் இரண்டு கையையும் உயரத் தூக்கிக் காட்ட வேண்டும். பழகுகிறவன் கையை விட்டாலும் வாத்தியார் பின்னால் பிடித்திருக்கிறார், பயமில்லை என்று அதற்கு அர்த்தம்.

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். ஏழாம் மாதம். தினமும் உச்சி வெயிலில் கஞ்சிக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனால், மேலே பட்டைகள் சுற்ற, அதற்குக் கீழே இந்த மனிதர் கையைத் தூக்கிக்கொண்டு போவார். இறங்கி வந்ததும் கலயத்தை நங்கென்று வைத்து வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே குடிப்பார். ஒருநாள் மட்டும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"தொரை கை முரட்டுக் கை மே. வெடுக்கு வெடுக்குனு இஸ்க்கும். கம்பி ஆடறத வெச்சே எனுக்குத் தெரியும். ஆனா கொஞ்ச நாளா நடு நடுவுல வேற மாரி போவுது. பழகின மாட்டை ஓட்டறா மாரி அவ்ளோ நைசா."

"தொரை இப்பத்தான் ஓட்டக் கத்துக்குனாரோ இன்னாவோ" என்று சொல்லிவிட்டுக் கலயத்தைக் கழுவப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் யாரும் காரில் வரவில்லை. நல்ல கத்திரி வெயில். ஏரி முழுக்கக் கானல் தண்ணீர் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பாய் ஒரு மரத்தடியில் துண்டை விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன். விமானம் கள்ளிக்குப்பம் பக்கமிருந்து திரும்பித் தாழ வந்தது. முன்னால் என் வீட்டுக்காரர், பார்க்க யாரும் வராவிட்டாலும், வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கியிருந்தார். பின்னால் துரையும் இரண்டு கையையும் தூக்கியிருந்தார்.

நாலு கையும் மேலே இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன், திரும்பவும் எண்ணினேன். விமானம் என் தலையைத் தாண்டிப் போய், பனைமரங்களை ஒதுக்கிக்கொண்டு அழகாக வளைந்து, காற்றைப் பார்த்துத் திரும்பி, வந்து இறங்குகிற இடத்தில் பூ மாதிரி இறங்கியது. தரையைத் தொடுகிற வரைக்கும் நாலு கையும் கீழே வரவில்லை.

துரை குதித்து இறங்கி ஓடி வந்து என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, நீயே ஏறக்கிட்டியே! கைய மேல தூக்கிகினே கம்பிய முட்டியால கெட்டியா இடுக்கிப் புட்ச்சது எனுக்குத் தெரிஞ்சிது. சரி, ஓட்டட்டும்னு நான் கைய வுட்டுட்டேன். நாளைக்கு எல்லாரும் வராங்கோ. நீ பின்னால குந்து, முன்னால மூட்டையக் கட்டிடலாம். தனியா ஓட்டிக் காட்டு. வண்டிக்காரன் ஒரு கோடையில கத்துக்குனான்னு தெரிஞ்சா ஒர்த்தன் வாங்காம போவ மாட்டான்."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. ஆனாலும் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். "நீ ஓட்டல. உன் கை மேல இருந்திச்சி. நான் பாத்தேன். முட்டியால எவன் ஓட்டுவான்?"

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மடித்தார். பிறகு சொன்னார். "தொரை புட்ச்சிகினு கீறாருன்னு நென்ச்சேன். நான் புட்ச்சிகினு கீறேன்னு அவுரு நென்ச்சிட்டாரு."

"அப்ப யாரு புட்ச்சிகினு இருந்தது?"

"தெரில."

"தெரிலன்னு போய் அவர்கிட்ட சொல்லு. எனுக்கு வயித்துல புள்ள கீது."

"அவுரு என்னைக் கட்டிப் புட்ச்சிகினாரு மே. என் ஜென்மத்துல எவனும் அப்பிடி..." தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நாளைக்கு ஒரு தடவை. அது ஏறக்கிடும்."

"நான் ஏறக்கிடுவேன்" என்று அவர் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. பாழடைந்த வீடு, தூர்ந்த கிணறு, ஒத்தைப் புளியமரம் இதிலெல்லாம் ஏதோ இருக்கிறது என்று சொன்னால் போனால் போகிறது என்று கேட்டுக்கொள்ளலாம். பெயின்ட் வாசனை போகாத, இன்னும் விற்காத புது சரக்கில் யார் வந்து உட்கார முடியும்? யாரும் அதில் சாகவில்லை. யாரும் அதை வாங்கக்கூட இல்லை. அழுதேன், காலில் விழுந்தேன், பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்றேன். ஒன்றும் எடுபடவில்லை.

மறுநாள் ஏரிக்கரையில் வரிசையாகக் கார்கள். குடை பிடித்த துரைசானிகள்கூட வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அந்த விமானத்தின் கால்களில் ஸ்பிரிங் உண்டு. ஆள் ஏறினால், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்த மாதிரி, கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். அவர் ஏறியதும் அப்படி இறங்கியது. பாய் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். அவர் பாதி தூரம்கூட வரவில்லை, விமானம் இன்னொரு தடவை இறங்கியது.

பாய் நின்றுவிட்டார். "அண்ணாத்தே, முன்னாடி யாரு ஏறினது?"

முன் இருக்கை காலியாக இருந்தது. நான் கிட்டத்தில்தான் நின்றிருந்தேன். அந்த இருக்கைக்கு முன்னால் கம்பி மெதுவாக இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது, நடுவில் வந்து நின்றது. கிளம்பலாமா என்று கேட்கிற மாதிரி இருந்தது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு இரண்டு கையையும் மெல்ல உயரத் தூக்கிக் காட்டினார். காரில் வந்தவர்கள் வேடிக்கை ஆரம்பித்துவிட்டது என்று கை தட்டினார்கள்.

கை தட்டுகிற சத்தத்திலேயே அவர் எழுந்து இறங்கிவிட்டார். துரை கத்தினார், கெஞ்சினார், கடைசியில் கெட்ட வார்த்தையில் திட்டினார். கூட்டம் சிரித்தது. இவர் யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"ஓட்டறதுக்கு ஆள் கீது. நான் எதுக்கு? நானுந்தான் மூட்டை" என்றார்.

அவர் மனசு விட்டுப்போன அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பிறகு அனுபவித்ததில்லை. அத்தனை பேருக்கு முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் புருஷன் எனக்குக் கிடைத்துவிட்டார். ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. அவர் இறங்கியபோது விமானம் ஒரு தடவை மேலே எழும்பியது. நாங்கள் திரும்பி நடக்கத் தொடங்கியபோது இன்னொரு தடவை எழும்பியது. பாயும் அதைப் பார்த்தார். மூட்டையைக் கீழே போட்டுவிட்டு உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.

மழைக்கு முன்பே விமானம் போய்விட்டது. யார் வாங்கினார்கள், வாங்கினார்களா என்பதே தெரியாது. இவர் பழையபடி வண்டி ஓட்டினார். மகன் பிறந்தான். சுதந்திரம் வந்தது. நல்ல மனிதராகத்தான் இருந்தார், எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான். அன்றிலிருந்து வண்டியில் நடுவில் உட்கார மாட்டார். ஓர் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்து, கயிற்றைத் தளரப் பிடித்துக்கொண்டு போவார். மாடுகள் அவர் இழுப்பதற்கு முன்பே திரும்பும். தாராளமாக இடம் இருக்கிறதே என்று மகன் அங்கே ஏறப் போனால், "பின்னால குந்துடா" என்பார். நானும் பின்னால்தான் உட்கார்ந்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த இடத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும், சக்களத்தியைப் பார்க்கிற மாதிரி.

வயதான பிறகு படுக்கையில் விழுந்து, எலும்பும் தோலுமாக இளைத்து, ஒரு சனிக்கிழமை காலையில் போனார். கடைசியில் பேச்சு இல்லை. இரண்டு கையையும் படுக்கையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தார். வந்த சொந்தக்காரர்கள் கிழமையைக் கேட்டதும் பதறிக் கோழி பிடிக்க ஆள் அனுப்பினார்கள்.

"வோணாம்" என்றேன். "அவரு தனியா போவல."

துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். தெருவில் பாடையைத் தூக்கினார்கள். தூக்கின நாலு பேரும் வாட்டசாட்டமான ஆட்கள். நாலு அடி போவதற்குள் என்ன இந்தக் கனம் கனக்கிறது என்று நிறுத்தித் தோள் மாற்றிக்கொண்டார்கள்.