துரைமார் கரையில் மணி அடித்தபோது

சில வருஷமாக நான் பணக்காரர்கள் குடியிருக்கும் ஆற்றோரத்தில் இருக்கிறேன். சிரம்பான் டவுனிலிருந்து காரில் வந்தால் காவலாளி தடுத்து, யார் வீட்டுக்கு என்று கேட்பான். உள்ளே வழுவழுவென்று சாலை, வீட்டுக்கு வீடு இரண்டு கார். என் மகன் இங்கே வீடு வாங்கியபோது, "காத்து நல்லா வரும்மா, ஆறு பக்கத்திலயே இருக்கு" என்றான். எனக்குத் தெரியாத ஆறா!

வெள்ளைக்காரன் மலாயாவை ஆண்டபோது இது ரப்பர்த் தோட்டம், எங்கள் பேச்சில் கித்தாத் தோட்டம். தோட்டத்து ஆட்கள் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம், சேறும் கொசுவுமான பள்ளத்தில். ஆற்றோரத்தில் துரைக்கும் சின்னத் துரைகளுக்கும் பங்களாக்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் துரைமார் கரை. அந்தப் பாதையில் போகிறவன் தலைத்துண்டை அவிழ்க்க வேண்டும், குடையை மடக்க வேண்டும். கொட்டுகிற மழையில் குடையை மடக்கிக்கொண்டு போன பிள்ளைத்தாய்ச்சியை நான் பார்த்திருக்கிறேன். துரைசாணியும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரைமார் கம்பி நீட்டினார்கள். சாப்பாட்டு மேஜையில் தட்டுகள் அப்படியே கிடந்தன என்று பங்களாச் சமையல்காரர் வந்து சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அந்த மேஜையில் ஜப்பான் அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். வெள்ளைக்காரனுக்குக் குடையை மடக்கினோம், இவனுக்கு இடுப்பை மடக்கினோம். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? துரைசாணியின் ரோஜாச் செடிகளைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டார்கள்.

பால்வெட்டு நின்றது, அரிசி நின்றது. பெரட்டு மணியும் நின்றது. பெரட்டு என்றால், விடியற்காலையில் ஆட்கள் கத்தியும் வாளியுமாக வரிசையில் நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொள்வது. அந்த மணிக்கு வராதவனுக்கு அன்று வேலை இல்லை.

பிறகு, சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஏறியவர்கள் திரும்பவே இல்லை. என் கணவர் ஆற்றங்கரை மூங்கில் புதருக்குள் ஒளிந்துகொண்டார். எனக்கு வயிற்றில் பிள்ளை. விடியும் முன்னே அவித்த மரவள்ளியை மடியில் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பேன்.

அப்படி ஒரு நாள் அவர் தின்றுகொண்டிருக்கும்போதே மணி அடித்தது. பாதிக் கிழங்கை என் கையில் வைத்துவிட்டு எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வேல தொறந்துட்டாங்க புள்ள! இனிமே அரிசி கெடைக்கும்."

"நீங்க தின்னுங்க. நான் போயி மொதல்ல பாத்துட்டு வரேன்."

"பெரட்டு மணி அடிக்குது, ஒக்காந்து தின்னுக்கிட்டு இருக்கவா? லேட்டா போனா பேரு போடமாட்டாங்க லா."

லயத்துக்கு ஓடி, வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். பதுங்கியிருந்த ஆண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த மணிக்கு ஓடிய கால்கள், அவ்வளவுதான். பெரிய பங்களாவின் முன்னால் வரிசை கோணாமல் நின்றார்கள். மணியடித்தவர் எங்கள் கங்காணி. அவர் முதுகில் துப்பாக்கி முனை இருந்ததைக் கிட்டே போனபிறகுதான் பார்த்தேன். பங்களாவுக்குப் பின்னாலிருந்து லாரிகள் வந்தன.

சிப்பாய்கள் கத்திகளைப் பிடுங்கிக் குவித்தார்கள். லாரியில் ஏறும்போது என் கணவர் வாளியை என் பக்கம் நீட்டினார். "வெச்சிரு புள்ள, வந்து எடுத்துக்கறேன்" என்றார்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பிய ஒருவர், அவர் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டேன். புதைக்க எங்களுக்குத் தெம்பில்லையம்மா என்றார். அந்த ஜப்பான்காரனை நான் மன்னிக்கவில்லை. மணி அடித்தால் ஓடி வர எங்களைப் பழக்கிய துரையையும் மன்னிக்கவில்லை.

அந்த வாளியில் தண்ணீர் மொண்டுதான் என் மகனைக் குளிப்பாட்டி வளர்த்தேன். இப்போது அவன் இந்த வீட்டு வாசலில் அழைப்பு மணி வைத்திருக்கிறான். யாராவது அழுத்தினால் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருப்பான். நான் அவன் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைப்பேன்.

"நீ தின்னுடா. நான் போயி மொதல்ல பாத்துட்டு வரேன்."